ஹூடி போட்ட ஹேக்கரும், மயிலாப்பூர் தாத்தாவுக்கு வரும் வீடியோ காலும்!

இருட்டு அறை. மூணு மானிட்டர். கறுப்பு ஹூடி. கீபோர்டில் பத்து செகண்டு டொக் டொக் டொக்... 'உள்ளே போயிட்டேன் சார்!'

இந்த சீனை எத்தனை படத்தில் பார்த்திருப்பீங்க? எண்ண ஆரம்பிச்சா விரல் பத்தாது. அந்த மானிட்டரில் மழைபோல கொட்டும் பச்சை எழுத்துகளுக்கு ஒரு கதை இருக்கு. 1999-ல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்துக்காக அதை வடிவமைத்தவர் சைமன் வைட்லி. மனைவியின் ஜப்பானிய சமையல் புத்தகங்களை ஸ்கேன் பண்ணித்தான் அந்த எழுத்துகளை எடுத்தேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆக, கால் நூற்றாண்டாக நாம வாயைப் பிளந்து பார்த்த ஹேக்கிங், சுஷி ரெசிப்பி!

சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா, விஷயம் அதோடு முடியலை. இன்னைக்கு ஆழ்வார்பேட்டையிலும் தி.நகரிலும் ஸ்கிரிப்ட் ஃபைலைக் கையில் வெச்சுக்கிட்டு டீ குடிக்கிற உதவி இயக்குநர்களில் பலரிடம் ஒரு சைபர் த்ரில்லர் கதை இருக்கும். குறும்படம், வெப் சீரிஸ், ஆடியோ தொடர், பிரதிலிபியில் தொடர்கதை என எல்லாத்திலும் ஒரு ஹேக்கர் வர்றார். அந்த கேரக்டரை எங்கிருந்து எடுக்கிறோம்? பெரும்பாலும் முன்னாடி வந்த படத்திலிருந்து. ஏ.ஐ சாட்பாட்டிடம் 'ஹேக்கர் எப்படிப் பேசுவான்?' என்று கேட்டால், அதுவும் படங்களையும் கதைகளையும் படிச்சு வளர்ந்த பிள்ளைதானே... அதே ஹூடியை இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுக்கும்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 'ஹேக்கர்னா இப்படித்தான் இருப்பான்' என்று மனசில் பதிந்த படம்தான், யாரைப் பார்த்து பயப்படணும், யாரைப் பார்த்து பயப்படவேண்டாம் என்பதை முடிவு பண்ணுது. நிஜத்தில் ஆபத்து வேற வாசல் வழியா வீட்டுக்குள்ள வந்துக்கிட்டிருக்கு.

ஜனாதிபதியைத் தூங்கவிடாத படம்

எழுத்தாளர் ஒழுங்கா விசாரிச்சு எழுதினா என்ன நடக்கும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம், 1983-ல் வந்த 'வார் கேம்ஸ்'. ஒரு ஸ்கூல் பையன் தெரியாத்தனமா அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிடும் கதை. எழுதியவர்கள் லாரன்ஸ் லாஸ்கர், வால்டர் பார்க்ஸ். 'இப்படி வெளியிலிருந்து ஒருத்தன் ராணுவ கம்ப்யூட்டருக்குள் வர முடியுமா?' என்ற சந்தேகத்தோடு, ராண்ட் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர் வில்லிஸ் வேரிடம் போனார்கள். 'முடியும்' என்றார் அவர்.

படம் வந்த ஜூன் மாதமே அதைப் பார்த்தார் அன்றைய ஜனாதிபதி ரொனால்டு ரீகன். சில நாள் கழித்து, முக்கியமான கூட்டம் ஒன்றில் ராணுவத் தலைமை அதிகாரியிடம் 'இது நிஜமா நடக்குமா?' என்று கேட்டார். ஒரு வாரம் கழித்து வந்த பதில், 'நீங்க நினைக்கிறதைவிட நிலைமை மோசம்' என்ற ரகம். 1984-ல் அரசுக் கம்ப்யூட்டர்களின் பாதுகாப்புக்காக ஒரு உத்தரவே போட்டார் ரீகன்.

அந்தப் படத்தில் ஸ்கூல் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு ஹீரோவுக்கு எப்படிக் கிடைக்கும் தெரியுமா? ஸ்கூல் ஆபீஸில் ஒட்டி வைத்திருக்கும் பேப்பரைப் பார்த்துத்தான். கோடிங் எல்லாம் இல்லை. நம்ம ஊர் ஆபீஸ்களில் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரை நினைச்சுக்கோங்க. 40 வருஷம் ஆகியும் அந்த சீன் பழசாகலை.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. 'சைபர்ஸ்பேஸ்' என்ற வார்த்தையை உலகம் முழுக்கப் பரப்பிய 'நியூரோமான்சர்' நாவலை வில்லியம் கிப்ஸன் சாதாரண டைப்ரைட்டரில்தான் எழுதினார். கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு அப்போது பெரிசா எதுவும் தெரியாது. எல்லாரும் கிப்ஸன் ஆக முடியாது என்பதால், நமக்கு விசாரணைதான் பாதுகாப்பான வழி.

தமிழில் இந்த இடத்தில் சுஜாதாவைச் சொல்லாமல் போக முடியாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் படித்து, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்த இன்ஜினீயர் அவர். அவர் கதையில் ஒரு மெஷின் வந்தா, அது எப்படிப் பழுதாகும் என்பதும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். பின்னால் வந்த பலர் அவருடைய ஸ்டைலை எடுத்துக்கிட்டாங்க. அந்த ஆபீஸ் அனுபவத்தை எடுத்துக்க முடியலை.

சினிமாவில் ஓரளவு நெருங்கி வந்தது 2018-ல் பி.எஸ்.மித்ரன் இயக்கிய 'இரும்புத்திரை'. அதில் பயமுறுத்துறது அர்ஜுனின் கம்ப்யூட்டர் அறை இல்லை. லோனுக்காக புரோக்கரிடம் டாக்குமென்ட் கொடுக்கும் விஷால், ஒரு நாள் அக்கவுன்ட்டில் பணமே இல்லாமல் நிற்கும் இடம்தான். ஏன்னா, அந்த மாதிரி புரோக்கர் நம்பர் நம்ம எல்லார் போனிலும் ஒண்ணு இருக்கு.

அடையாறில் ஒரு சனிக்கிழமை

'ஹேக்கர்' என்ற வார்த்தை பிறந்தபோது அதில் திருட்டு வாசனையே கிடையாது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் பொம்மை ரயில் கிளப் நடத்திய மாணவர்கள், சாமர்த்தியமாகச் செய்யும் ஒரு வேலைக்கு 'ஹேக்' என்று பேர் வெச்சாங்க. மூடி வைத்திருப்பதைத் திறந்து பார்க்கணும், புரிஞ்சதை அடுத்தவனுக்குச் சொல்லணும். அவ்வளவுதான் அவங்க வேதம்.

அந்த வேதம் சென்னைக்கும் வந்தது. 1998 முதல் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு, மாதம் ஒருமுறை, இரண்டாவது சனிக்கிழமைகளில், அடையாறு பக்கம் ஐ.ஐ.டி வளாகத்தில் பல வருஷம் கூடியிருக்கிறது. கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். ஒருத்தர் தான் எழுதிய புரோகிராமைக் காட்டுவார், இன்னொருத்தர் அதில் ஓட்டை சொல்வார். ஹூடிக்கு அங்கே வேலையே இல்லை. (சென்னை வெயிலில் ஹூடி போடுபவன் ஹேக்கரோ இல்லையோ, கண்டிப்பா ஏ.சி வீட்டுப் பையன்.)

பாதுகாப்பு பற்றிப் பேசவே 'நல்' என்ற திறந்த குழு இந்தியா முழுக்க இருக்கு. சென்னையிலும் கிளை உண்டு. கதை எழுதுபவர் இந்த மாதிரி ஒரு கூட்டத்தில் மூணு மணி நேரம் உட்கார்ந்தாலே டயலாக் மாறிடும். 'ஃபயர்வாலை உடைச்சுட்டேன்' என்று அங்கே யாரும் பேச மாட்டாங்க. 'மூணு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டேன், கடைசியில பார்த்தா செட்டிங்ஸ்ல ஒரு டிக் போடலை' என்பதுதான் அங்கே பஞ்ச் டயலாக்.

பத்து நிமிடம், பத்து லட்சம் நம்பர்

நிஜமான ஹேக்கிங் சீன் வேணுமா? சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையாவின் கதையைப் படிங்க. அவரே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்.

2019. இன்ஸ்டாகிராமில் பாஸ்வேர்டு மறந்துட்டா போனுக்கு ஆறு இலக்க கோடு வரும் இல்லையா? அது பத்து நிமிஷத்தில் காலாவதியாகும். ஆறு இலக்கம் என்றால் மொத்தம் பத்து லட்சம் வாய்ப்புகள். எல்லாத்தையும் முயற்சி பண்ணினா ஒண்ணு சரியாத்தானே இருக்கும்? இது எல்லாருக்கும் தோணும். அதனால்தான் ஒரே இடத்திலிருந்து நிறைய முயற்சி வந்தால் இன்ஸ்டாகிராம் தடுத்துவிடும்.

அவர் முதலில் ஆயிரம் முயற்சி அனுப்பிப் பார்த்தார். 250 போல உள்ளே போனது, மீதி தடுக்கப்பட்டது. அந்த 250-ஐப் பார்த்து யோசித்ததுதான் கதை. வெவ்வேறு ஐ.பி முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பினால்? 1,000 முகவரிகளிலிருந்து 2 லட்சம் முயற்சிகளை அனுப்பிக் காட்டினார். 5,000 முகவரிகள் இருந்தால் யாருடைய அக்கவுன்ட்டையும் கைப்பற்றலாம், அதுக்கு கிளவுடு வாடகை சுமார் 150 டாலர்தான் ஆகும் என்று கணக்குப் போட்டார். போட்டதோடு நிறுத்தி, ஃபேஸ்புக்கிடம் சொன்னார். அவங்க ஓட்டையை அடைத்துவிட்டு 30,000 டாலர் கொடுத்தாங்க. அன்றைய மதிப்பில் சுமார் 20 லட்ச ரூபாய். இதே மாதிரி வழியில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டின் ஏழு இலக்க கோடில் ஓட்டை கண்டுபிடித்து 50,000 டாலர் வாங்கியதை 2021-ல் எழுதினார்.

இதில் துரத்தல் இல்லை, வில்லன் இல்லை. ஆனா, டென்ஷன் இருக்கு. கையில் உலகத்தின் எந்த அக்கவுன்ட்டையும் திறக்கும் சாவி இருக்கும்போது ஒருத்தன் என்ன பண்ணுவான்? மெயில் அனுப்பிட்டுக் காத்திருக்கிற அந்த நாட்களில் அவன் வீட்டில் சாப்பிடும்போது முகம் எப்படி இருக்கும்? எழுதத் தெரிந்தவனுக்கு இது போதும்.

நல்ல பிள்ளைக்கும் பயம்

இந்தக் கதை சுபமா முடிஞ்சதுக்குக் காரணம் ஒண்ணு இருக்கு. ஃபேஸ்புக்கும் மைக்ரோசாஃப்ட்டும் 'எங்க வீட்டில் ஓட்டை தேடுங்க, பரிசு தர்றோம்' என்று முன்கூட்டியே அழைப்பு வைத்திருந்தாங்க. அழைப்பு இல்லாத வீட்டில் தேடினால்?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைவதையே தவறு என்கிறது. நஷ்டஈடு கட்ட வேண்டிவரும். அதையே மோசடி எண்ணத்தோடு செய்தால் 66-வது பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். 'நல்லது பண்ணத்தான் தேடினேன்' என்பவருக்கென்று தனி விதிவிலக்கு எதுவும் 43-ல் எழுதப்படவில்லை.

யோசிச்சுப் பாருங்க. ஒரு காலேஜ் பையன், ஏதோ ஒரு வெப்சைட்டில் ரோல் நம்பரை மாற்றிப் போட்டால் அடுத்தவர் விவரம் வருவதைத் தற்செயலாகப் பார்க்கிறான். சொன்னால் கேஸ் வருமோ என்று பயம். சொல்லாமல் விட்டால், இதே ஓட்டையை இன்னொருத்தன் கண்டுபிடிப்பான். அவன் சொல்ல மாட்டான். மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பிடம் இதைத் தெரிவிக்க வழி இருக்கு. ஆனா அதைத் தெரிஞ்சு வைத்திருக்கும் மாணவர்கள் குறைவு. ஹேக்கர் என்றாலே கைவிலங்கு மாட்டும் படங்கள் அதிகம். என் அபிப்ராயத்தில், தமிழில் இன்னும் எழுதப்படாத நல்ல கதை இந்தப் பையனுடையதுதான்.

எழுதுறவங்களுக்கும் இதே சட்டம்தான். 'ரிசர்ச்சுக்காக பக்கத்து வீட்டு வைஃபையை உடைச்சுப் பார்த்தேன்' என்றால் போலீஸ் கதை கேட்காது. பரிசு வாங்கியவர்கள் எழுதி வைத்த விளக்கங்கள், பழகுவதற்கென்றே நடத்தப்படும் 'கேப்சர் தி ஃபிளாக்' போட்டிகள், கோர்ட் தீர்ப்புகள் போதும்.

தீர்ப்பு என்றதும் எழும்பூர் கோர்ட் ஞாபகம் வருது. ஐ.டி சட்டத்தின் 67-வது பிரிவில் இந்தியாவின் முதல் தண்டனை என்று சட்டம் படிப்பவர்கள் குறிப்பிடும் வழக்கு, 2004 நவம்பரில் அங்கேதான் முடிந்தது. கல்யாணத்துக்கு மறுத்த ஒரு பெண்ணின் பெயரையும் நம்பரையும் வைத்து யாஹூ குரூப்பில் ஆபாசமாகப் போட்டவனுக்கு சிறை. அதில் பிரவுசிங் சென்டர் நடத்தியவர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தக் குற்றத்துக்கு எந்தத் தொழில்நுட்பத் திறமையும் தேவைப்படலை. மெயில் ஐடி போதுமாக இருந்தது. 20 வருஷத்துக்கு அப்புறமும் சைபர் குற்றத்தில் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கு.

டெலிகிராமில் கிடைத்த மருத்துவ ஃபைல்

2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி போட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் சாட்பாட்கள் வழியாகக் கிடைக்கின்றன என்று. பெயர், போன் நம்பர், முகவரி, அடையாள அட்டை நகல், மருத்துவ அறிக்கை... மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல் தன்னிடம் இருப்பதாகச் சொன்ன ஆசாமி தனக்கு வைத்துக்கொண்ட பேர் 'ஜென்ஜென்'. 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததாக நிறுவனம் சொன்னது. டெலிகிராம் மீதும் அந்த ஆசாமி மீதும் வழக்கு போட்டது.

இந்தச் செய்தி வந்தப்போ பலருடைய ரியாக்‌ஷன், 'என் டேட்டாவை வெச்சு என்ன பண்ணப்போறான்?' என்பதுதான். பதில் அடுத்த பத்தியில்.

அவங்க எழுதுற ஸ்கிரிப்ட்

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய அபார்ட்மென்ட்களில் ரிட்டயர்டு வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், அரசு அதிகாரிகள் நிறைய. பிள்ளைகள் வெளிநாட்டில்; பணம் பிக்சட் டெபாசிட்டில். அந்த மாதிரி வீட்டுக்கு ஒரு கால் வருது. கூரியர் கம்பெனி பேசுது: உங்க பெயரில் போன பார்சலில் போதைப்பொருள். உடனே 'மும்பை போலீஸுக்கு லைனை மாத்துறேன்'. அடுத்து வீடியோ கால். பின்னணியில் ஸ்டேஷன் போல செட், யூனிஃபார்ம், சுவரில் சின்னம். ஒரு அதிகாரி மிரட்டுகிறார். அவருக்கு மேலே உள்ளவர் அன்பாகப் பேசுகிறார். 'உங்களைப் பார்த்தா தப்பு பண்றவர் மாதிரி தெரியலை சார், பணத்தை வெரிஃபிகேஷனுக்கு மாத்துங்க, திரும்ப வந்துடும்.' கேமராவை அணைக்கக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது. ஏற்கெனவே எங்கேயோ கசிந்த பிறந்த தேதியோ, வங்கி பெயரோ, ஆபரேஷன் விவரமோ கையில் இருந்தால் நம்பிக்கை இன்னும் சீக்கிரம் வந்துடும்.

இதுக்குப் பேர்தான் 'டிஜிட்டல் அரெஸ்ட்'. சட்டத்தில் அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. ஆனா, 2024-ன் முதல் நான்கு மாதங்களில் மட்டும் இந்த வகையில் 120 கோடி ரூபாய் போனதாக மத்திய உள்துறையின் கணக்கு. அந்த அக்டோபரில் 'மன் கி பாத்' நிகழ்ச்சியில் பிரதமரே எச்சரித்தார். 2025-ல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்து, சி.பி.ஐ-யிடம் கொடுத்தது.

மறுபடியும் அந்தக் காலைப் படிச்சுப் பாருங்க. செட் இருக்கு, காஸ்ட்யூம் இருக்கு, கேரக்டர் பிரிவினை இருக்கு, இன்டர்வெல் பிளாக் மாதிரி ஒரு பயம், கிளைமாக்ஸில் ஒரு ஆறுதல். நம்ம ஆளுங்க ஹேக்கரை எப்படி எழுதுறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கும்போது, அந்தக் கூட்டம் நம்மைப் பற்றி நல்லா விசாரிச்சு ஸ்கிரிப்ட் எழுதி முடிச்சிடுச்சு. ரிட்டயர்டு ஆசிரியருக்கு போலீஸ் என்றால் பயம், அக்கம்பக்கத்துக்குத் தெரிஞ்சா அவமானம், அதிகாரியின் இங்கிலீஷுக்கு மரியாதை. எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இதுவும் ஹேக்கிங்தான். கெவின் மிட்னிக் 1992-ல் மோட்டோரோலா நிறுவனத்துக்கு போன் போட்டு, ஊழியர் மாதிரி பேசி, செல்போனின் மூல நிரலையே அனுப்ப வைத்தார். அவருக்குக் கோடிங் தெரியும். ஆனாலும் அன்னைக்கு அவர் பயன்படுத்தின கருவி குரல்தான். இரண்டாயிரங்களில் அவர் புத்தகம் எழுதி, மனுஷன்தான் பலவீனமான கண்ணி என்று ஊர் ஊராகச் சொன்னார். நம்ம படங்களில் மட்டும் இன்னும் பச்சை எழுத்து ஓடிக்கிட்டிருக்கு. ஹேக்கர் என்றால் கம்ப்யூட்டர் என்று நினைக்கிற தாத்தா, 'என்கிட்ட கம்ப்யூட்டரே இல்லையே' என்று நிம்மதியாக இருக்கிறார். கையில் வாட்ஸ்அப் இருக்கு.

மறுமுனையில் யார்?

ஒரு நல்ல எழுத்தாளர் இங்கேயும் நிறுத்த மாட்டார். அந்த போனின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பது யார்?

2022 அக்டோபரில் மியான்மரின் மியாவாடி பகுதியிலிருந்து மீட்கப்பட்டு 13 தமிழர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். தாய்லாந்தில் ஐ.டி வேலை என்று நம்பிப் போனவர்கள். எல்லை தாண்டி அழைத்துப்போய், ஆன்லைன் மோசடி வேலையில் உட்கார வைக்கப்பட்டவர்கள். மியான்மரில் குறைந்தது 1.2 லட்சம் பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேரும் இப்படி மோசடி மையங்களில் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2023-ல் ஐ.நா-வின் மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. பாஸ்போர்ட் பறிக்கப்பட்டு, டார்கெட் முடிக்காவிட்டால் அடி என்ற நிலையில்தான் பலர் அந்த ஸ்கிரிப்ட்டை வாசிக்கிறார்கள்.

அப்போ வில்லன் யார் என்று எழுதுவீங்க? பேசினவனா, அவனை அனுப்பிய ஏஜென்ட்டா, ஸ்கிரிப்ட் எழுதினவனா, டேட்டா வித்தவனா? எந்த ஹூடியும் இந்த நாலு பேருக்கும் பொருந்தாது.

எழுத உட்காரும் முன்னாடி ஒரு வேலை. உங்க வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'இப்படி ஒரு கால் வந்தா நீங்க முதல்ல என்ன சொல்வீங்க?' என்று கேளுங்க. அவர் சொல்லும் பதில்தான் உங்க முதல் சீன். பேச்சோடு பேச்சா, 'பணத்தைப் பத்திப் பேசின உடனே வைங்க, எனக்கு போன் பண்ணுங்க' என்று சொல்லி, 1930 என்ற சைபர் புகார் நம்பரையும் அவர் போனில் சேவ் பண்ணிடுங்க. பணம் போயிட்டா எவ்வளவு சீக்கிரம் அந்த நம்பருக்குச் சொல்றோமோ, அந்தளவுக்கு அது அடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவுவதற்கு முன் முடக்க வாய்ப்பு இருக்கு. தாத்தா ஒருவேளை, 'போலீஸ் கூப்பிட்டா எப்படிப்பா வைக்கிறது, மரியாதையா இருக்காதே' என்று கேட்கலாம். அந்த டயலாக்கை மட்டும் அப்படியே எழுதி வெச்சுக்கோங்க.